முன் சைட் ஆடுகிறது: எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை

புதுக்கை:
வணக்கம் நண்பர்களே. என்னுடையது 9 மி.மீ. பிஸ்டல். பாலிமர் ஃப்ரேம், எஃகு ஸ்லைடு (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகம்). முன் சைட்டை (குறி பார்க்க ஸ்லைடின் முன்முனையில் நிற்கும் சின்னத் துண்டு) ஸ்லைடின் உட்புறமிருந்து ஒரு சின்ன அறுகோணத் தலைத் திருகு பிடித்திருக்கிறது. மூன்று வாரமாக 15 மீட்டரில் குண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் ஒதுங்கின. என் ட்ரிகர் பிடிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து தினமும் டிரை ஃபயர் (தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுக்கும்) பயிற்சி செய்தேன். நேற்று துடைக்கும்போது துணி முன் சைட்டில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், சைட்டும் துணியோடு சேர்ந்து லேசாகத் திரும்பியது. மூன்று வாரப் பயிற்சியும் தப்பான இடத்தில் போயிருக்கிறது.

அப்படியே இறுக்கிவிடலாமா, பசை ஏதாவது வைக்க வேண்டுமா? சைட்டின் உடம்பு எஃகு, நடுவில் வெள்ளைப் புள்ளி. ஒளிரும் குழாய் எதுவும் இல்லை.

பட்டறைச்சுத்தியல்:
தம்பி, கைவைக்கும் முன் வழக்கமான வேலை. மேகஸின் (தோட்டாப் பெட்டி) வெளியே, சேம்பரை (தோட்டா உட்காரும் அறையை) கண்ணால் பார், விரலாலும் தடவிப் பார். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். ஸ்லைடைக் கழற்றி பேரலையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டால் கையில் இருப்பது வெறும் எஃகுத் துண்டு. அந்த நிலையில்தான் சைட்டைத் தொட வேண்டும். இந்த வேலையையே உரிமம் பெற்ற பட்டறையில்தான் செய்ய வேண்டும் என்று உன் இடத்துச் சட்டம் சொன்னால் அங்கே கொடுத்துவிடு.

உண்மையில் எது ஆடுகிறது என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. சைட்டின் அடியைச் சுற்றி மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விடு. ஒரு நிமிடம் கழித்து மேலே துடைத்துவிட்டு, விளக்குக்கு அடியில் வைத்துக் கட்டை விரலால் சைட்டை இடமும் வலமும் அழுத்து. ஆட்டம் இருந்தால், துடைத்த இடத்தில் இணைப்புக் கோட்டிலிருந்து எண்ணெய் மயிரிழை மாதிரி கசிந்து வரும், விட்டால் உள்ளே போகும். கண்ணுக்கே தெரியாத ஆட்டத்தையும் எண்ணெய் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் அந்த எண்ணெயை முழுசாக எடுக்காமல் எந்தப் பசையையும் வைக்காதே. இந்த வேலையில் பாதிப் பேர் தோற்பது அங்கேதான்.

மெல்லவிசை:
குண்டு வலப்பக்கம் போனது என்றால் முன் சைட் இடப்பக்கம் நகர்ந்திருக்கும். பின் சைட்டை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் குண்டு அந்தப் பக்கமே போகும், முன் சைட்டுக்கு நேர் எதிர். முள் (முன் சைட்) இடப்பக்கம் போய்விட்டால், அதைப் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் கொண்டுவர நீங்களே அறியாமல் பேரல் முனையை வலப்பக்கம் திருப்புகிறீர்கள்.

இன்னொன்று. வலது கைக்காரர் ட்ரிகரைப் பறித்தால் குண்டு பெரும்பாலும் இடது கீழ்ப்பக்கம்தான் போகும். நீங்கள் வலது கை என்றால், வலப்பக்கம் ஒதுங்கிய குரூப்பை (இலக்கில் குண்டுகள் விழுந்த கூட்டத்தை) பார்த்ததுமே கருவியைச் சந்தேகித்திருக்கலாம்.

கணக்கும் எளிது. சைட் நகர்ந்த அளவை இரண்டு சைட்டுகளுக்கும் இடையே உள்ள தூரத்தால் வகுத்து, இலக்கின் தூரத்தால் பெருக்குங்கள். இரண்டுக்கும் நடுவில் 150 மி.மீ. இருந்து முள் 0.2 மி.மீ. நகர்ந்தால், 15 மீட்டரில் 20 மி.மீ. விலகல். அதே 25 மீட்டரில் 33 மி.மீ. 0.2 மி.மீ. என்பது இரண்டு தாள் கனம்தான்.

எட்டாம்வளையம்:
நான் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுபவன். எங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் நெருக்கமானது. சைட் தூரம் 330 மி.மீ. அளவில் இருப்பதால் 0.1 மி.மீ. நகர்ந்தால் இலக்கில் 3 மி.மீ.தான். ஆனால் 10 வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ. தசமப் புள்ளியில் (10.1, 10.2 என எண்ணும் முறையில்) ஒவ்வொரு படியும் 0.8 மி.மீ. ஆக, அந்த 3 மி.மீ. கிட்டத்தட்ட நான்கு தசமத்தைத் தின்றுவிடும். 60 சுடலிலும் இந்த விலகல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சோதனைச் சுடலுக்குத் தரும் 15 நிமிடத்தில் பின் சைட்டைத் திருப்பிச் சரிசெய்துவிட்டு, நடுவில் முன் சைட் மறுபடி நகர்ந்தால் எதை நம்புவது என்றே தெரியாது. எனக்கு ஒருமுறை அப்படி ஆகியிருக்கிறது. அன்றிலிருந்து பெட்டியைத் திறந்ததும் முன் சைட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

கறுப்புமுள்:
சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டால் போதுமே? நான் அப்படித்தான் செய்தேன், நின்றது.

பட்டறைச்சுத்தியல்:
நின்றிருக்கும். எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. சூப்பர் குளூ இழுத்தால் தாங்கும், அதிர்ந்தால் உடையும். ஸ்லைடு ஒவ்வொரு சுடலிலும் பின்னால் போய் மோதி, திரும்ப முன்னால் வந்து மோதுகிறது. அந்த இரண்டு மோதலையும் முன் சைட்டின் சின்ன அடிப்பாகம் தாங்க வேண்டும். கண்ணாடி மாதிரி கெட்டிப்பட்ட பசை அங்கே விரிசல் விடும். போதாததற்கு அதன் ஆவி பக்கத்தில் படிந்து கறுப்பு சைட்டில் வெள்ளைப் பூச்சு மாதிரி நிற்கும்.

திருகுக்கு என்றே செய்தது மரை பூட்டும் திரவம். லாக்டைட் 242, 243 இரண்டும் நீலம், நடுத்தரப் பிடி. கைச்சாவியால் கழற்ற வரும். 243 கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கைத் தாங்கும், ஆனால் அதை நம்பித் துடைக்காமல் விடாதே. சிவப்பு 271 இந்த வேலைக்கு வேண்டாம். கழற்ற வேண்டுமானால் சுமார் 260 டிகிரி சூடு காட்ட வேண்டியிருக்கும், பிஸ்டல் ஸ்லைடில் அந்த வேலையை நான் செய்ய மாட்டேன்.

இந்தத் திரவம் காற்று இல்லாத இடத்தில், உலோகம் தொட்டால்தான் கெட்டியாகும். அதனால்தான் பாட்டிலில் பாதி காற்றாகவே விற்கிறார்கள். துருப்பிடிக்காத எஃகில் மெதுவாகத்தான் பிடிக்கும். சாதாரண எஃகில் தொட்டுப் பார்க்க அரை மணியில் பிடித்த மாதிரி இருக்கும், முழுப் பலம் வர 24 மணி நேரம். ஒரு நாள் தொடாமல் வைத்திருக்க முடியாதவர்கள் இந்தப் பாட்டிலை வாங்கவே வேண்டாம்.

பிளாஸ்டிக் சைட் வைத்திருப்பவர்கள் கவனிக்க: சில பிளாஸ்டிக்குகளில் இந்தத் திரவம் பட்டால் நாளடைவில் விரிசல் விடும். தம்பியுடையது எஃகு என்பதால் பிரச்சினை இல்லை.

புதுக்கை:
எல்லாம் செய்தேன் அண்ணா. அசிட்டோனில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துளையைத் துடைத்தேன். நீலம் தாராளமாக வைத்து, சாவி நன்றாக இறுகும்வரை திருகினேன். முழு ஒரு நாள் விட்டேன். இன்று 50 சுட்டேன். முப்பதைத் தாண்டும்போதே மறுபடி ஆட்டம்.

எனக்குப் புரியாத விஷயம் இதுதான்: இறுக்கும்போது சாவியில் கல் மாதிரி இறுக்கம் தெரிந்தது. இன்னும் அழுத்தினால் திருகுத் தலையே முறிந்துவிடும் என்று பயந்துதான் விட்டேன். அவ்வளவு இறுகிய திருகு எப்படிக் கழன்றது?

பட்டறைச்சுத்தியல்:
இந்தக் கேள்வியைக் கேட்டாய் பார், நல்லது. திருகு கழலவே இல்லை என்று நினைக்கிறேன். அது சைட்டைப் பிடிக்கவே இல்லை.

அந்தத் திருகு என்ன செய்கிறது என்று நினைத்துப் பார். தலை ஸ்லைடின் உட்புறத்தில் உட்கார்ந்திருக்கும். மரை மேலே ஏறி சைட்டின் அடியில் இருக்கும் துளைக்குள் போகும். தலைக்கும் சைட்டுக்கும் நடுவில் ஸ்லைடின் எஃகு நசுங்க வேண்டும், பிடிமானம் என்பது அந்த நசுக்கம்தான். சைட்டில் உள்ள துளை மறுபக்கம் திறக்காத, முட்டுத்துளை. திருகின் நுனி அந்தத் துளையின் கூரையில் முட்டிவிட்டால் அதற்கு மேல் ஏறாது. சாவியில் உனக்குக் கல் மாதிரி இறுக்கம் தெரியும். தலை மட்டும் ஸ்லைடைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். முதல் இருபது சுடலுக்கு உலர்ந்த பசை பிடித்துக்கொள்ளும், அது நொறுங்கியதும் ஆட்டம்.

முட்டுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். திருகு நீளமாக இருக்கலாம், அல்லது துளைக்குள் பழைய பசை கெட்டிப்பட்டு அடைத்திருக்கலாம். "தாராளமாக" என்று எழுதியிருக்கிறாயே, அது எனக்கு இடிக்கிறது. முட்டுத்துளையை நிரப்பினால் திரவத்துக்குப் போக்கிடம் கிடையாது, திருகின் நுனிக்கு மேலே குவியும். அங்கேயே உறைந்தும் போகும்.

சைட்டைக் கழற்று. ஸ்லைடு இல்லாமல் திருகை மட்டும் சைட்டில் விரலால் முட்டும்வரை ஏற்று. தலையின் அடிக்கும் சைட்டின் அடிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று வெர்னியரில் (நுண் அளவுகோலில்) அள. பிறகு அந்தத் துளைப் பக்கத்தில் ஸ்லைடின் கனத்தை அள. இடைவெளி கனத்தைவிடத் தெளிவாகக் குறைவாக இருக்க வேண்டும். சமமாகவோ அதிகமாகவோ இருந்தால் உன் விடை கிடைத்துவிட்டது.

மெல்லவிசை:
நானும் இதே மாதிரி ஒன்றில் நான்கு மாதம் பசை மாற்றி மாற்றி வைத்திருக்கிறேன். அளந்து பார்க்கத் தோன்றவே இல்லை.

ஈரவிரல்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், என்னுடையது டவ்டெயில் வகை. முன் சைட் ஸ்லைடின் குறுக்கே வெட்டிய புறாவால் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. திருகே இல்லை. விரலால் தள்ளினால் பக்கவாட்டில் நகர்கிறது. இதற்கு என்ன செய்வது?

பித்தளைப்பஞ்ச்:
இதற்கு நான் சொல்கிறேன். குறுக்குப் பள்ளம் என்பதே நல்ல யோசனை. பின்னடியின் (சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைப்பதன்) விசை பேரலின் நீளத்தில் வரும், பள்ளம் அதற்குக் குறுக்கே. சாய்ந்த சுவர்கள் அடியை வாங்கிக்கொள்ளும். ஆகவே சரியாக இறுகிய டவ்டெயில் சைட் சுடுவதால் மட்டும் நகராது. நகர்கிறது என்றால் சைட்டின் அடி பள்ளத்தைவிட நூலளவு சின்னதாக இருக்கிறது. பல தடவை தட்டித் தட்டி எடுத்ததாலும் அப்படி ஆகும்.

பட்டறைகளில் பரவலான வழக்கம், பின்னாலிருந்து பார்க்கையில் வலமிருந்து இடமாக உள்ளே அடிப்பது, இடமிருந்து வலமாக வெளியே எடுப்பது. எல்லாக் கம்பெனியும் அப்படிச் செய்வதில்லை, உங்கள் கையேட்டைப் பாருங்கள். வைஸின் தாடைகளில் தோலோ நைலானோ வைத்து ஸ்லைடைப் பிடியுங்கள். பித்தளை அல்லது நைலான் பஞ்ச் (சுத்தியல் அடியைக் கடத்தும் குச்சி) மட்டும். எஃகுப் பஞ்ச் ஒரே அடியில் சைட்டின் ஓரத்தைப் பிசைந்துவிடும். அடி எப்போதும் சைட்டின் அடிப்பாகத்தில் விழ வேண்டும், மேலே நிற்கும் முள்ளில் அல்ல.

ஆட்டம் கொஞ்சம் என்றால் மெல்லிய பித்தளைத் தகடு, 0.05 மி.மீ. கனத்தில், பள்ளத்தின் தரையில் வைத்து சைட்டை அதன் மேல் ஏற்றுங்கள். தகடு சைட்டை மேலே தூக்கும், சாய்ந்த சுவரில் இறுகிக்கொள்ளும். குளிர்பான டின்னின் தகடு 0.1 மி.மீ. அளவில் இருக்கும், பல இடத்தில் அது கூடுதல் கனம். வெளியே நீட்டும் தகட்டைக் கூர்க்கத்தியால் ஒட்ட வெட்டிவிடலாம்.

இன்னொரு பழைய வழி, சைட்டின் அடியில் சென்டர் பஞ்சால் நான்கைந்து புள்ளி குத்துவது. குத்திய இடத்தைச் சுற்றி உலோகம் மேடாக எழும்பி இறுக்கம் தரும். குத்துவது சைட்டின் அடியில்தான், ஸ்லைடின் பள்ளத்தில் ஒருபோதும் வேண்டாம். சைட் கெட்டால் வேறு சைட் வாங்கலாம். ஸ்லைடு கெட்டால் மாற்று கிடைப்பது சுலபமில்லை. மேட்டை அரத்தால் சிறிது சிறிதாகச் சமன் செய்து, விரலால் மூன்றில் ஒரு பங்கு தூரம் நுழைகிற அளவில் நிறுத்துங்கள். மீதியைச் சுத்தியல் பார்த்துக்கொள்ளும்.

உங்கள் சைட்டில் டிரிடியம் (இருட்டில் ஒளிர வைக்கும் வாயு) குழாய் இருக்கிறதா? அது கண்ணாடிக் குழாய். சூடு காட்டக் கூடாது, அதன் பக்கம் தட்டக் கூடாது. டிரிடியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. வாங்கி அவ்வளவு வருடம் ஆகியிருந்தால் வெளிச்சம் பாதிக்கும் கீழே போயிருக்கும், தகடு வைத்து மெனக்கெடுவதற்குப் பதில் புது சைட்டே போடலாம். ஃபைபர் ஆப்டிக் (ஒளியைக் கடத்தும் பிளாஸ்டிக் இழை) என்றாலும் சூடு கூடாது, உருகிவிடும்.

ஈரவிரல்:
டிரிடியம் இல்லை, சாதாரண கறுப்பு. பித்தளைத் தகடு வாங்கி முயல்கிறேன்.

கறுப்புமுள்:
என் நண்பரின் 1911 வகைப் பிஸ்டலில் முன் சைட் மைதானத்தில் பறந்தே போய்விட்டது. அதில் திருகும் இல்லை, பள்ளமும் இல்லை, ஸ்லைடில் ஒரு சின்னத் துவாரம் மட்டும் தெரிகிறது.

பட்டறைச்சுத்தியல்:
அது அடித்து விரித்த வகை. சைட்டின் அடியில் ஒரு சின்னக் கால் இருக்கும். துவாரம் வழியாக உள்ளே வரும் காலை உட்புறத்தில் அடித்துப் பரப்பிவிடுவார்கள். பழைய ராணுவ வகையில் அந்தக் கால் சுமார் 1.5 மி.மீ. அகலம்தான், அதனால்தான் பறக்கும். பின்னால் வந்த அகலக் கால் 3.2 மி.மீ. பக்கம். இதை வீட்டில் செய்ய வேண்டாம். ஸ்லைடின் உள்ளே போய் அடிக்கத் தனிக் கருவி வேண்டும், மேலே சைட்டைத் தாங்கத் தோதான கட்டை வேண்டும், கடைசியில் உட்புறத்தைப் பேரல் உரசாத மாதிரி சமன் செய்ய வேண்டும். பட்டறைக்குக் கொடுக்கச் சொல்.

பறந்த சைட்டைத் தேடி எடுத்தாரா? அந்தக் கால் முறிந்ததா, முழுசாக உருவி வந்ததா என்று பார்த்தால் துவாரம் தேய்ந்துவிட்டதா என்பது தெரியும்.

கறுப்புமுள்:
கிடைக்கவில்லை. பட்டறைக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன்.

எட்டாம்வளையம்:
பெரெட்டா 92எஃப்எஸ் வைத்திருப்பவர் யாராவது படித்தால்: அதில் முன் சைட் ஸ்லைடோடு ஒரே துண்டாகக் கடைந்தது. இந்த இழையில் அவர்களுக்கு வேலை இல்லை.

புதுக்கை:
அண்ணா, அளந்தேன்.

இடைவெளி 2.6 மி.மீ. ஸ்லைடின் கனம் 2.3 மி.மீ. நீங்கள் சொன்னது அப்படியே. திருகு முட்டி நிற்கும்போது 0.3 மி.மீ. ஆட்டத்துக்கு இடம் இருந்திருக்கிறது.

கைவிளக்கைப் பிடித்துத் துளைக்குள் பார்த்தேன், கூரை இருக்க வேண்டிய இடத்தில் மங்கலான நீல நிறம். தையல் ஊசியால் குத்தினேன், முதலில் அசையவில்லை. அசிட்டோனில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து மறுபடி ஊசியைச் சுழற்றியதும் பொடிப்பொடியாக வந்தது. அடியில் ஒரு துண்டு, அரிசிக் குருணை அளவு, மரையின் வரி பதிந்த வடிவத்திலேயே கழன்று விழுந்தது. நான் வைத்தது கொஞ்சம், கம்பெனியில் வைத்தது கொஞ்சம், இரண்டும் சேர்ந்து அடைத்திருக்கிறது.

சுத்தம் செய்தபின் மறுபடி திருகை ஏற்றி அளந்தேன். இப்போது இடைவெளி 1.8. திருகை அராவ வேண்டிய தேவையே வரவில்லை.

பட்டறைச்சுத்தியல்:
அருமை, தம்பி. அந்தக் குருணையைத் தூக்கிப் போடாதே, அடுத்து யாராவது "எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை" என்று வந்தால் காட்டலாம்.

இனி பூட்டும் முறை. திருகின் மரையில் நடுப்பகுதியில் ஊசிமுனையால் ஒரு பொட்டு, அவ்வளவுதான். நுனியில் வேண்டாம், துளைக்குள் ஊற்ற வேண்டாம். திருகைச் சுழற்றும்போது சைட்டும் கூடவே திரும்பப் பார்க்கும். ஸ்லைடின் துவாரம் நீள்வட்டமாக இருந்தாலும் நூலளவு விளையாட்டு அதில் உண்டு. ஆகவே இடது கையால் சைட்டை நேராகப் பிடித்துக்கொண்டு கடைசிக் கால் சுற்றைப் போடு. மெல்லிய சுவருள்ள சாவிதான் அந்த இடத்தில் நுழையும், கனத்த சாக்கெட்டைத் திணித்தால் தலையின் மூலை உருளும். இரண்டு விரலில் பிடித்து இறுக்கும் பலம் போதும், முழுக் கையையும் போட்டால் அந்தக் குட்டித் திருகு முறியும்.

பூட்டியபின் பேரலைப் போட்டு ஸ்லைடைக் கையால் பத்து தடவை இழு. கழற்றி, திருகுத் தலையில் பேரல் உரசிய பளபளப்பு இருக்கிறதா பார். இருந்தால் தலை உயரமாக இருக்கிறது என்று அர்த்தம், அப்படியே சுடக் கூடாது.

கடைசியாக, சைட்டின் அடியிலிருந்து ஸ்லைடு மேல் வரை வெள்ளைப் பெயின்ட் பேனாவால் ஒரு மெல்லிய கோடு. நகர்ந்தால் கோடு முறியும்.

புதுக்கை:
செய்துவிட்டேன். தலையில் உரசல் இல்லை. நாளை மாலைவரை தொடமாட்டேன்.

ஈரவிரல்:
0.05 தகடு என் சைட்டுக்குச் சரியாக இருந்தது. விரலால் மூன்றில் ஒரு பங்கு நுழைந்தது, மீதி நைலான் பஞ்ச்சால் எட்டுத் தட்டு. ஆனால் நடுவில் நிறுத்த முடியாமல் ஒரு பக்கம் தாண்டிப் போய்விட்டது. மறுபக்கத்திலிருந்து திரும்பத் தட்டினால் இறுக்கம் குறையுமா?

பித்தளைப்பஞ்ச்:
ஒருமுறை இருமுறை தட்டினால் குறையாது. இரண்டு பக்கமும் விளிம்பிலிருந்து சைட்வரை வெர்னியரில் அளந்து, சமமாக வரும்வரை சின்னச் சின்ன அடியாகக் கொடுங்கள். கடைசி நகர்த்தலை மைதானத்தில் குரூப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். குண்டு போக வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் முன் சைட்டைத் தட்டுங்கள். மெல்லவிசை மேலே எழுதியதுதான்.

புதுக்கை:
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். மூன்று நாளில் மொத்தம் 300 சுட்டேன். ஒவ்வொரு 50-க்கும் மேகஸினை எடுத்து, ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டி, சேம்பரைப் பார்த்துவிட்டு உருப்பெருக்கியில் கோட்டைப் பார்த்தேன். கோடு முறியவில்லை. எண்ணெய்ச் சோதனையும் செய்தேன், கசிவு இல்லை.

15 மீட்டரில் குரூப் நடுவுக்கு வந்துவிட்டது. பழைய இலக்குத் தாள்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று வாரமும் குரூப்பின் அளவு பெரிதாக மாறவே இல்லை, இடம் மட்டும்தான் நகர்ந்திருக்கிறது. அதை அன்றே தாளில் பார்த்திருக்கிறேன், பார்த்தும் கையைத்தான் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது அந்தத் திருத்தத்தை மறக்கக் கொஞ்ச நாள் ஆகும்போல. நேற்று முதல் பத்தும் இடப்பக்கம் போயின.

பட்டறைச்சுத்தியல்:
போகும். முதல் பத்தைக் கணக்கில் எடுக்காதே. பின் சைட்டைத் தொட்டுவிடாதே, இரண்டு வாரம் அப்படியே சுடு.